இடுப்புக்குப் போன கை

“இப்ப நான்தான் போலீசு. கையைக் காட்டுதேன். நீங்க என்ன செய்யணும்?”

கேட்டது ஆவுடைச்செல்வி. எதிரே, வீட்டு முடுக்குச் சந்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய பேட்டரி வண்டியில், தலையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தது அவள் புருஷன் சுடலைமுத்து. ஓட்டல்களுக்கு வாழை இலைக் கட்டுகளைப் போட்டுவிட்டு வந்த மனுஷனைக் குளிக்கக்கூட விடாமல் உட்கார வைத்துவிட்டாள்.

“ஓரமா நிறுத்தணும்.”

“அதுக்கு முன்னால?”

“இண்டிகேட்டர் போடணும். ஏட்டி, நம்ம வண்டியில அது எரிஞ்சு வருசம் ஒண்ணாச்சு.”

“நாளைக்கே சரி பண்ணுங்க. அப்புறம்?”

“வண்டியை அணைக்கணும். சாவியை உருவப்படாது. ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருக்கணும். கேட்டாத்தான் பேசணும். லைசென்ஸ் எடுக்கணும்னா, ‘அய்யா, சட்டைப் பையில கை வைக்கப் போறேன்’னு சொல்லிட்டுத்தான் கையை எடுக்கணும். உன்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கிகூட நான் இம்புட்டு அடக்கமா இருக்கல.”

“அன்னைக்கி உங்களுக்கு யாரும் மார்க் போடல. சரி, சாரத்தை என்ன செய்யணும்?”

சுடலைமுத்து குனிந்து தன் இடுப்பு முடிச்சைப் பார்த்தான். வண்டி ஓட்டுகிறபோது கைலிச் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பான். பெரிய மனுஷர் யாராவது எதிரே வந்தால் கை தானாக இடுப்புக்குப் போய் முடிச்சை உருவி, மடிப்பைக் கீழே இறக்கிவிடும். அவன் கை மட்டுமல்ல, அந்த ஊரில் சாரமும் வேட்டியும் கட்டுகிற அத்தனை பேர் கையும் அப்படித்தான். அது யோசித்துச் செய்கிற காரியம் கிடையாது.

“எறக்கப்படாது,” என்று ஆவுடையே சொன்னாள். “கை இடுப்புக்குப் போச்சுன்னா மீட்டர் சிவப்பு காட்டிரும்.”

“போலீஸ்காரர் முன்னாடி மடிச்சுக் கட்டிக்கிட்டா நிக்கச் சொல்லுத? எங்க அப்பா ஒரு நாள் அப்படி நின்னதுக்கு ஸ்டேசன்ல வச்சு மிதிச்சாவ. நான் பக்கத்துலதான் நின்னேன், ஒம்பது வயசு எனக்கு. அன்னையிலருந்து காக்கி கலரைப் பாத்தாலே என் கை போயிரும்.”

“அதான் சொல்லுதேன். போகப்படாது.”

“சரி, போகாது,” என்றான். சொன்னது மனசார. கைக்கு அது தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஊர் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் யாராவது கோபித்துக்கொண்டு கேஸ் போடுவார்கள். தெற்கே ஆற்றங்கரையில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலம், இன்னும் கொஞ்ச வருஷம் கழித்து.

அந்த மீட்டருக்குச் சர்க்கார் வைத்த பெயர் நடத்தைமானி. போலீஸ்காரர்களின் மார்பில் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும். வண்டியை நிறுத்திய நொடியிலிருந்து ஓட்டுகிறவனின் கை, கண், குரல் எல்லாவற்றையும் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடும். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் அபராதம். சிவப்பு என்றால் வண்டி பூட்டிக்கொள்ளும், வழக்கு தானே பதிவாகும், போலீஸ்காரரின் இடுப்பில் இருக்கிற மின்துப்பாக்கியின் பூட்டும் தானே திறக்கும். திறந்த பிறகு அவர் சுடவில்லை என்றால், ஏன் சுடவில்லை என்று அவருக்கு மெமோ வரும்.

வந்த புதிதில் ஜனங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேல் மாமூல் கிடையாது, ஆளைப் பார்த்து, தெருவைக் கேட்டு, அதற்குத் தக்கபடி மரியாதை கொடுக்கிற வேலை கிடையாது, இயந்திரத்துக்கு எல்லோரும் ஒன்றுதான் என்றார்கள். பட்டாசுகூட வெடித்தார்கள். ஏமாறுவதற்கு நமக்குச் சொல்லியா தர வேண்டும்.

இயந்திரம் சரியாகத்தான் சொல்கிறதா என்று பார்க்க மனுஷர்களும் உண்டு. சிவப்பு விழுந்த அத்தனை காட்சிகளும், பச்சையில் நூற்றுக்கு ஒன்றும், உடனுக்குடன் ஒரு நிறுவனத்துக்கு வந்து சேரும். ஒவ்வொரு காட்சியையும் தனித்தனியாக மூன்று பேர் பார்த்து நிறத்தை உறுதி செய்ய வேண்டும். முகம், வண்டி எண், துணியின் நிறம், வண்டியில் இருக்கும் சரக்கு எல்லாவற்றையும் சாம்பலாக மறைத்துத்தான் அனுப்புவார்கள். ஆவுடைக்கு அங்கேதான் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு காட்சிகள். கழுத்தில் ஓர் அட்டை, அதில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். சாயங்காலம் அட்டையை அலுவலகத்திலேயே பூட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். எண்ணை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே அவளுக்கு விஷயம் உறைத்துவிட்டது. மேற்பார்வை பார்க்கிற ஜெபசிங்கைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ஜெபசிங், இந்த ஆளைப் பாருங்க. மரியாதைக்கு வேட்டியை எறக்கத்தானே கையைக் கொண்டு போறாரு? இதுக்குப் போய்ச் சிவப்பு விழுந்திருக்கு.”

“தெரியுதுக்கா. எனக்குத் தெரியாதா? எங்க பெரியப்பாவும் அப்படித்தான் செய்வாவ.” அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நல்ல பையன், குரலை உயர்த்தவே மாட்டான். “ஆனா கையேட்டுல என்ன போட்டிருக்கு? முன்னறிவிப்பு இல்லாம கை இடுப்புக்குப் போனா ஆயுதம் எடுக்கிற முயற்சி. இதை எழுதினது நம்ம ஊர்ல இல்லக்கா. அங்க எல்லாரும் பேண்ட்டு போடுதவன், இடுப்புல துப்பாக்கி வச்சிருக்கவன். அந்தக் கையேட்டை வச்சுத்தான் மீட்டருக்குப் பாடம் நடத்தியிருக்காவ.”

“அப்ப இதுக்கு என்ன போட?”

“பச்சை, மஞ்சள், சிவப்பு. மூணுதான் இருக்கு. மரியாதைன்னு ஒரு கலர் இல்லியே.”

“மேல எழுதிக் கேக்கலாம்லா?”

“கேக்கலாம். ‘கருத்துக்கு நன்றி’ன்னு பதில் வரும். நான் மூணு தடவை வாங்கி வச்சிருக்கேன்.”

ஆவுடை எழுதிக் கேட்கவில்லை. அடுத்து வந்த வேட்டிக்காரர்கள் மூன்று பேருக்கும் பச்சை போட்டாள். அதே காட்சிகளைப் பார்த்த மற்ற இரண்டு பேரும் சிவப்பு போட்டிருந்தார்கள். இயந்திரத்தோடு ஒத்துப்போகாதவர்களுக்குத் தர மதிப்பெண் குறையும். அவளுக்குக் குறைந்தது. இன்னும் இரண்டு குறைந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று திரையில் சிரித்த முகத்தோடு ஒரு எச்சரிக்கை வந்தது. அதற்குப் பிறகு அவளும் சிவப்பே போட்டாள். முதல் வாரம் டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள். இரண்டாம் வாரம் பசித்தது. இடுப்புக்குக் கை போனதும் நான்கு நொடியில் சிவப்பை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகிவிட்டாள். புருஷனை மட்டும் வீட்டில் வைத்துப் பழக்கினாள்.

அன்று வியாழக்கிழமை. பத்தரை தாண்டியிருக்கும். சாம்பல் வண்டியில் ஒரு சாம்பல் ஆள், பின்னால் சாம்பல் மூட்டை. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். ஓரம் கட்டினான், அணைத்தான், கையைத் தெரிய வைத்தான். தொண்ணூற்றாறு காட்டியது. அந்த நேரம் பார்த்து ஜீப்பிலிருந்து பெரிய அதிகாரி யாரோ இறங்கி வந்தார். அந்த ஆள் வண்டியை விட்டு அவசரமாக எழுந்தான், கை இடுப்புக்குப் போனது. சிவப்பு. மின்துப்பாக்கி பட்டு விழுந்தவன்மேல் வண்டியும் மூட்டையும் சேர்ந்து விழுந்தன. ‘பாவம், யாரு பெத்த பிள்ளையோ’ என்று நினைத்துக்கொண்டே ஆவுடை சிவப்பை அழுத்தினாள். அதற்கப்புறம் டீ குடிக்கப் போனாள். அன்றைக்கு உளுந்தவடை நன்றாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள்.

கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். சுடலைமுத்து கட்டிலில் கிடந்தான். இடது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. வலது கையை விலங்கு போட்டுக் கட்டிலோடு பூட்டியிருந்தார்கள்.

“போயிருச்சு ஆவுடை,” என்றான். வண்டியைச் சொல்கிறான் என்று முதலில் நினைத்தாள். கையைத்தான் சொன்னான். “நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்துச்சு. அய்யா எறங்கி வந்தாவ. போயிருச்சு.”

ஜீப்பிலிருந்து இறங்கி வந்த அந்த இன்ஸ்பெக்டர் வராந்தாவில் நின்றிருந்தார். தடித்த குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் பிறகு தொண்டையைச் செருமுகிற பழக்கம். கும்பிட்டு நின்றவளிடம் அவர் கோபமாகப் பேசவில்லை.

“மரியாதைக்குத்தாம்மா எறக்குனான். எனக்குத் தெரியாதா? இந்தக் காலத்துல யாரு செய்யுதா? நல்ல பய. ஆனா மீட்டர் சிவப்புன்னுட்டுது. அதுக்கு மேல மூணு பேரு பாத்து உறுதியும் பண்ணிட்டாவ. அரசு ஊழியரைத் தாக்க முயற்சின்னு கேஸ் ஆயிருச்சு. நான் என்ன செய்ய?”

“நீங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க அய்யா.”

“எழுதினா, மூணு பேரும் பொய் சொல்லுதாவளான்னு என்னைக் கேப்பாவ. அவங்களும் படிச்சவங்கதானம்மா.”

பக்கத்தில் நின்ற ஏட்டு ஒரு தாளை நீட்டினார். வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பதற்காக, உறுதி செய்தவர்களின் எண்களைச் சம்பந்தப்பட்டவருக்குத் தந்தாக வேண்டும் என்று சட்டம். காட்சி பதிவான நேரம் 10.31. உறுதி செய்தவர்கள்: 204, 317, 331.

ஆவுடை தாளை இரண்டு தரம் படித்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பி, எண் நெஞ்சுப் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதைக் கழற்றிப் பையில் போட்டாள். அவளுக்கு அவள் மேலேயே அப்படி ஓர் அருவருப்பு வந்தது. பதினோரு வருஷம் கூடப் படுத்த ஆள், நடை தெரியும், முதுகு தெரியும், நிற்கிற நிலை தெரியும். நான்கு நொடிக்கு மேல் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சுடலைமுத்து கட்டுப் போட்ட கையோடு இருபத்தாறு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். கை கோணலாகக் கூடியிருந்தது, மணிக்கட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது. தாக்க நினைத்ததாக ஒப்புக்கொண்டு, பத்து நாள் நடத்தைப் பயிற்சிக்குப் போனால் லைசென்சைத் திருப்பித் தருவோம் என்றார்கள். செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனான். இன்னொரு தரம் மஞ்சளோ சிவப்போ விழுந்தால் லைசென்ஸ் ஆயுளுக்கும் கிடையாது, ஒரு வருஷம் ஜெயில் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவனுக்குத் தெரிந்தது வண்டியும் இலைக்கட்டும்தான்.

“ஏட்டி, உங்க ஆபீசுல இந்த மூணு பேரு யாருன்னு விசாரிக்க முடியாதா?” என்று ஒரு நாள் கேட்டான். அந்தத் தாளை மடித்து ரேஷன் கார்டோடு வைத்திருந்தான்.

“எங்க ஆபீசுன்னு எப்படிச் சொல்ல? கிளை எத்தனையோ ஊர்ல இருக்கு. நம்பர் யாருக்கும் தெரியாது.”

“நம்ம பக்கத்து ஆளுங்கதான் பாப்பாவன்னு பயிற்சியில சொன்னாவளே. அவங்க வீட்டுல யாரும் சாரம் கட்டமாட்டாவளா?”

ஆவுடை பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் மேலிடத்துக்கு எழுத ஆரம்பித்தாள். மடிப்பை இறக்குவது மரியாதை, ஆயுதம் எடுப்பதல்ல, கையேட்டை மாற்றுங்கள் என்று வாரத்துக்கு ஒன்று. நூற்று நாற்பது காட்சிகளின் எண்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்து அனுப்பினாள். ‘கருத்துக்கு நன்றி’ எட்டு வந்தது. ஒன்பதாவது வாரம் ஜெபசிங் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

“அக்கா, உங்க லெட்டர் வேலை செஞ்சிட்டு.”

“கையேட்டை மாத்திட்டாவளா?”

“கையேட்டை எப்படி மாத்துவாவ? நாடு பூரா மீட்டருக்கு மறுபடி முதல்லருந்து பாடம் நடத்தணுமே. ஜனங்களுக்குப் புது விதி போட்டிருக்காவ. பாருங்க.”

விதி ஏழு. காவலர் நிறுத்தும்போது, மடித்துக் கட்டிய வேட்டி, சாரம் முதலியவற்றை இறக்கக் கூடாது. முச்சந்திக்கு முச்சந்தி படம் போட்டு ஒட்டினார்கள். படத்தில் மடித்துக் கட்டிய ஒரு ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், அவன் தலைக்கு மேல் பச்சை வட்டம். சுடலைமுத்து அதை நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னான்: “இனி தைரியமா நிக்கலாம் போல. சர்க்காரே சொல்லிட்டுது.” ஆவுடைக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவன் வண்டி கிளம்புகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு அவள் திரும்பப் படுத்தாள்.

பதினைந்து நாள் போயிருக்கும். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு காட்சி வந்தது. பச்சை விழுந்தது, நூற்றுக்கு ஒன்றாகச் சோதனைக்கு வந்திருந்தது. சாம்பல் வண்டி, சாம்பல் மூட்டை. ஹேண்டில்பாரில் இரண்டு கை. இடது மணிக்கட்டு வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது.

ஆவுடை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் காட்சிக்கு மட்டும் நான்கு நொடி போதவில்லை.

சாரம் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியபடி இருந்தது. ஓட்டுகிறவனின் குரலை மாற்றித்தான் அனுப்புவார்கள், போலீஸ்காரரின் குரலை மாற்றுவது கிடையாது. தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

“ஏல, யாரு முன்னாடி நிக்கன்னு தெரியுதால? சண்டியரு கணக்கா ஏத்திக் கட்டிட்டு நிக்க?”

“விதி ஏழு, அய்யா. எறக்கப்படாதுன்னு போட்டிருக்கு.” ஏற்ற இறக்கம் இல்லாத இயந்திரக் குரலில் சுடலைமுத்து சொன்னான்.

“எனக்கே விதி சொல்லுதியோ?”

படத்தின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு காக்கிக் கை உள்ளே வந்தது. அறை விழுந்த வேகத்தில் சாம்பல் முகம் ஒரு பக்கம் திரும்பியது. கைகள் ஹேண்டில்பாரை விட்டு அசையவில்லை. முகம் நேராக வந்ததும் இன்னொன்று விழுந்தது. அப்போதும் கைகள் அசையவில்லை. மூலையில் எண் தொண்ணூற்றெட்டிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியது. தூண்டுதலிலும் அமைதி காத்ததற்காக ஒரு மதிப்பெண்.

“ஜெபசிங்,” என்று கூப்பிட்டாள். “அடிக்காவ.”

அவன் வந்து பார்த்தான். மறுபடியும் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது.

“இதுக்கு எங்க போட?”

“திரையில என்ன கேட்டிருக்கு அக்கா?”

ஓட்டுநரின் நடத்தை என்று கேட்டிருந்தது. கீழே மூன்று கட்டங்கள்.

“போலீஸ் நடத்தைக்குக் கட்டமே கிடையாது. மீட்டர் அவங்க மார்புல இருக்கு, வெளியதான் பாக்கும்.” அவன் குரல் இன்னும் தணிந்தது. “ரெண்டு நிமிசத்துக்குள்ள அழுத்தலைன்னா சந்தேகம்னு எடுத்துக்கிட்டு மஞ்சள் ஆக்கிரும். பாத்துக்கோங்க.” சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போனான்.

திரை ஓரத்தில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. தெரிந்த ஆள் என்று சொல்லிவிட்டால் காட்சி வேறு யாரிடமோ போகும். அவர்கள் என்ன போடுவார்கள் என்று யார் கண்டது. மஞ்சள் விழுந்தால் ஒரு வருஷம். அந்தக் காக்கிக் கையைப் பிடித்து ஒடிக்க வேண்டும் என்று அவளுக்கு வெறி வந்தது. பதினான்கு நொடி மிச்சம் இருக்கும்போது அவள் தன் புருஷனுக்குக் கொடுக்க முடிந்த ஒரே ஒன்றைக் கொடுத்தாள். பச்சை. ‘முழு ஒத்துழைப்பு’ என்று திரை சொன்னது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் குளித்து, விபூதி பூசி உட்கார்ந்திருந்தான். இடது கன்னம் உப்பியிருந்தது.

“என்ன கன்னம் வீங்கியிருக்கு?”

“பல்லு. கடைவாய்ப் பல்லு.”

“இன்னைக்கி நிறுத்துனாவளா?”

“நிறுத்துனாவ. நீ சொன்ன மாதிரியே நின்னேன். கை போகவே இல்ல ஆவுடை. தொண்ணூத்தொம்பது.” போனை எடுத்து நீட்டினான். “மூணு பேரு பாத்து உறுதியும் பண்ணிருக்காவ. இங்க பாரு.”

110, 286, 317.

அவள் தட்டை எடுத்து வைத்தாள். அவன் எழுந்து ரேஷன் கார்டோடு வைத்திருந்த பழைய தாளை எடுத்து வந்து, போனுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினான்.

“அன்னைக்கியும் இந்த முன்னூத்திப் பதினேழு. இன்னைக்கியும் இந்த முன்னூத்திப் பதினேழு.”

“பச்சைதானே போட்டிருக்காவ. விடுங்க.”

“பச்சைதான். என்னத்தையெல்லாம் பாத்துட்டுப் போட்டிருக்கு பாரேன் அந்தப் பச்சையை.”

“என்னத்தை?”

“ஒண்ணுமில்ல.” தாளை மடித்தான். “அந்த ஆளு மட்டும் ஒரு நாளைக்கி என் கண்ணுல படணும்.”

“பட்டா?”

“அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேப்பேன். வீட்டுக்குப் போயி உக்காந்தா ஒனக்குச் சோறு எறங்குதான்னு கேப்பேன்.”

ஆவுடை அவன் தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவன் வலது பக்கமாகவே மென்று தின்றான். தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. முதல் கவளத்தை வாயில் வைத்தாள். இறங்கியது.